சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைக்கும் டெல்லிக்கும் இடையே ரயில் பாதை சுமார் 2,180 கிலோமீட்டர். முதல் முறை போகிறவர்களும், பல வருடம் கழித்து மறுபடி ரயிலேறுகிறவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணத்தில் இரவு தூக்கத்தில் போய்விடும். நடுவில் வரும் அந்த முழுப் பகலைத்தான் நாம் கழித்தாக வேண்டும். அதை எந்த வகுப்பில், யாரோடு, என்ன சாப்பிட்டுக் கழிக்கப் போகிறோம் என்று யோசித்துத் திட்டமிட்டால், ரயிலையும் பெர்த்தையும் தேர்ந்தெடுப்பது சுலபம்.

விமானம் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடுகிறதே, ரயில் எதற்கு?

அவசர வேலை என்றால் விமானமே சரி. நாலைந்து பேர் குடும்பமாகப் போகிறீர்கள், சாமான் நிறைய இருக்கிறது, போகும் தேதி இரண்டு மாதம் முன்பே தெரியும் என்றால் ரயிலில் செலவு வெகுவாகக் குறையும். விடுமுறைக் காலத்தில் விமானக் கட்டணம் ஏறிவிடும்போது இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகும். அப்புறம், நாடு எவ்வளவு பெரியது என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. தமிழ்நாடு, ஆந்திரா, தெலங்கானா, மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், கொஞ்ச தூரம் ராஜஸ்தான், ஹரியானா என்று வரிசையாகக் கடந்துதான் டெல்லி வருகிறது.

எந்த ரயிலில் போவது?

தினமும் ஓடுகிறவை இரண்டு: தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் (12621), கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் (12615). நம் ஊரில் இரண்டாவதை ஜி.டி. என்றால்தான் தெரியும்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் 1976-இல் தொடங்கியது. இரவு பத்து மணி அளவில் சென்ட்ரலில் கிளம்பி, மூன்றாம் நாள் அதிகாலையில் புதுடெல்லி போய்ச் சேரும். ஏறக்குறைய 33 மணி நேரம். நிற்கும் இடங்கள் குறைவு: விஜயவாடா, வாரங்கல், பல்லார்ஷா, நாக்பூர், போபால், ஜான்சி, குவாலியர், ஆக்ரா போன்ற பெரிய நிலையங்கள்தான். வீட்டில் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஏறலாம், ஏறியதும் படுத்துவிடலாம். முதல் முறை போகிறவர்களுக்கு என் பரிந்துரை இதுதான்.

ஜி.டி. மிகப் பழைய வண்டி. 1929-இல் பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையே ஓடத் தொடங்கி, பிறகு லாகூர்–மேட்டுப்பாளையம் என்று மாறி, கடைசியில் சென்னை–டெல்லி வண்டியாக நிலைத்தது. மாலையில் கிளம்புகிறது. வழியில் முப்பதுக்கும் மேற்பட்ட நிலையங்களில் நிற்பதால் கூட இரண்டு மணி நேரம் ஆகும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் நிற்காத ஊருக்குப் போகிறவர்களுக்கு இது அருமையான வண்டி. டெல்லி வரை போகிறவர்கள், மற்றதில் இடம் இல்லாதபோது இதைப் பார்க்கலாம். நடுவழி ஊர்களில் ஆள் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார்கள், பகலில் பெட்டி அமைதியாக இருக்காது.

வாரத்தில் சில நாள் மட்டும் ஓடுகிறவற்றில் ராஜ்தானி (12433) வேகமானது. வாரம் இரண்டு நாள் காலை ஆறு மணி வாக்கில் கிளம்பி, மறுநாள் காலை பத்தரை மணி அளவில் டெல்லியின் இன்னொரு நிலையமான ஹஸ்ரத் நிஜாமுதீன் சேரும். ஒரு பகல், ஒரு இரவு, அவ்வளவுதான். துரந்தோவும் வாரம் இரண்டு நாள், அதுவும் நிஜாமுதீனுக்குத்தான். வாரம் ஒரு முறை ஓடும் கரீப் ரத், ஏசியில் போக வேண்டும் ஆனால் செலவைக் குறைக்க வேண்டும் என்பவர்களுக்கு ஏற்றது. அதில் போர்வை, தலையணைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

ராஜ்தானியிலும் துரந்தோவிலும் கட்டணம் நிலையாக இருக்காது. பத்து சதவீத இடங்கள் விற்றுத் தீரும்போதெல்லாம் அடிப்படைக் கட்டணம் ஒரு படி ஏறும். 2016 முதல் இப்படித்தான். அதனால் அவற்றில் முந்திப் பதிவு செய்கிறவருக்கு இடமும் கிடைக்கும், விலையும் குறையும்.

டிக்கெட்டை எத்தனை நாள் முன்னால் எடுக்க வேண்டும்?

முன்பதிவு 60 நாள் முன்பு திறக்கிறது. முன்பு 120 நாளாக இருந்ததை 2024 நவம்பர் 1 முதல் குறைத்துவிட்டார்கள். பயண நாளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும். மே 15 அன்று கிளம்புகிறீர்கள் என்றால் மார்ச் 16 காலை 8 மணிக்குப் பதிவு தொடங்கும். இந்தத் தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். பரீட்சை முடிந்த கோடை விடுமுறை, ஆயுத பூஜை, தீபாவளி வாரங்களில் முதல் நாளே பார்த்துவிடுவது நல்லது. சாதாரண வாரங்களில் மூன்று நாலு வாரம் முன்பு முயன்றால்கூட இடம் கிடைக்க வாய்ப்புண்டு.

ரயில் டிக்கெட் பதிவு செய்யும் இணையதளமான ஐ.ஆர்.சி.டி.சி.யில் உள்ள உங்கள் கணக்கில் ஆதாரை இணைத்துச் சரிபார்க்கும் வேலையை இன்றே செய்துவிடுங்கள். தட்கலுக்கு, அதாவது கடைசி நேர முன்பதிவுக்கு, 2025 ஜூலை 1 முதல் அது கட்டாயம். அதே ஆண்டு அக்டோபரிலிருந்து, சாதாரண முன்பதிவு திறந்த உடனே பதிவு செய்யவும் ஆதார் சரிபார்த்த கணக்கு தேவைப்படுகிறது. எட்டு மணிக்கு உட்கார்ந்துகொண்டு ஓடிபி வரவில்லை என்று தவிப்பதைவிட இதை முன்பே முடித்துவிடலாம். பயணிகளின் பெயர், வயது, பெர்த் விருப்பம் எல்லாவற்றையும் முன்னதாகவே பட்டியலில் சேமித்து வைத்தால் அந்த நேரத்தில் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.

கவுண்டரில் எடுப்பது இன்னும் இருக்கிறது. இணையம் பழகாத பெரியவர்கள் ஊரிலுள்ள முன்பதிவு நிலையத்தில் படிவம் எழுதிக் கொடுத்து எடுக்கலாம்.

வெயிட்டிங் லிஸ்ட் என்றால் நம்பிப் போகலாமா? ஆர்.ஏ.சி. என்றால்?

இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஆர்.ஏ.சி. என்றால் ரயிலில் ஏறும் உரிமை உங்களுக்கு உண்டு. பக்கவாட்டுக் கீழ் பெர்த்தை இருவர் பகிர்ந்து உட்கார்ந்து போக வேண்டும். யாராவது ரத்து செய்தாலோ வராமல் போனாலோ முழு பெர்த் கிடைக்கும். பெரும்பாலும் கிடைத்துவிடும், ஆனால் உறுதியில்லை. இரண்டு இரவுப் பயணம் என்பதால், வயதானவர்களை ஆர்.ஏ.சி.யை நம்பி அனுப்ப வேண்டாம் என்பேன்.

வெயிட்டிங் லிஸ்ட் என்பது வெறும் வரிசை எண். இணையத்தில் எடுத்த டிக்கெட், சார்ட் (யாருக்கு எந்த பெர்த் என்ற இறுதிப் பட்டியல்) போட்ட பிறகும் வெயிட்டிங்கிலேயே நின்றுவிட்டால், அது தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். கவுண்டர் டிக்கெட் கையில் இருக்கிறதே என்று ஸ்லீப்பரிலோ ஏசியிலோ ஏறினால் அபராதம் கட்டவும் இறங்கவும் நேரும்.

வெயிட்டிங்கிலும் வகை உண்டு. ரயில் கிளம்பும் ஊரிலிருந்து போகிறவர்களுக்குப் பொதுப் பட்டியல், அதாவது ஜி.என்.டபிள்யூ.எல். இதுதான் வேகமாக நகரும். நடுவழி நிலையங்களிலிருந்து ஏறுகிறவர்களுக்குத் தனித்தனி ஒதுக்கீட்டுப் பட்டியல்கள் இருக்கின்றன. அவற்றில் எண் சிறியதாகத் தெரிந்தாலும் நகர்வது மெதுவாகவே இருக்கும். சென்ட்ரலில் ஏறி டெல்லியில் இறங்குகிறவருக்கு இது ஒரு வசதி: பெரும்பாலும் பொதுப் பட்டியல்தான் கிடைக்கும்.

டிக்கெட் எடுக்கும்போது ‘விகல்ப்’ என்று ஒன்று கேட்பார்கள். உங்கள் டிக்கெட் உறுதியாகாவிட்டால் வேறு ரயிலில் இடம் தரச் சம்மதமா என்று அர்த்தம். தேதி நேரம் சற்று முன்பின் ஆனாலும் பரவாயில்லை என்பவர்கள் மட்டும் தேர்ந்தெடுங்கள். மாற்று ரயில் நிஜாமுதீனுக்குப் போகலாம், ஏறும் நிலையமும் மாறலாம்.

சார்ட் முன்பெல்லாம் ரயில் கிளம்ப நாலு மணி நேரம் இருக்கும்போதுதான் போடுவார்கள். 2025 ஜூலையிலிருந்து அதை வெகுவாக முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். இரவு வண்டி என்றால் மதியமே தெரிந்துவிடும், காலை வண்டி என்றால் முந்தைய நாள் இரவே. பெட்டி கட்டிக்கொண்டு ஸ்டேஷனில் போய் நின்று காத்திருக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை.

தட்கலில் கிடைக்குமா?

கிடைக்கலாம், ஆனால் அதை முதல் திட்டமாக வைக்காதீர்கள். ரயில் கிளம்புவதற்கு முந்தைய நாள் ஏசி வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும், ஸ்லீப்பருக்கு 11 மணிக்கும் திறக்கும். ஒரு டிக்கெட்டில் நாலு பேருக்கு மேல் சேர்க்க முடியாது. முதல் வகுப்பு ஏசிக்குத் தட்கல் கிடையாது. உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது. தட்கலில் வெயிட்டிங் விழுந்தால் அதை நம்பாதீர்கள், அந்தப் பட்டியல் நகர்வது அபூர்வம்.

ஸ்லீப்பரா, ஏசியா?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்றால், இளைஞர்களுக்கு ஸ்லீப்பர் தாராளமாகப் போதும். ஆனால் போபால் தாண்டியதும் இரவுக் குளிர் ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வரும். டிசம்பர், ஜனவரியில் கம்பளி இல்லாமல் ஸ்லீப்பரில் ஏறவே கூடாது. சென்னையில் ஃபேன் போட்டுக்கொண்டு பெட்டி கட்டும்போது அந்தக் குளிர் நினைவுக்கு வராது.

ஏப்ரல் கடைசி முதல் ஜூன் வரை கதையே வேறு. பல்லார்ஷா, நாக்பூர் பகுதியில் நடுப்பகலில் வெயில் 45 டிகிரியைத் தொடும். இரும்புப் பெட்டிக்குள் அனல் காற்று. நான் மேலே சொன்ன அந்த முழுப் பகல் சரியாக அங்கேதான் கழியும். குழந்தைகளும் பெரியவர்களும் உடன் வருகிறார்கள் என்றால், வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் பரவாயில்லை, கோடையில் ஏசி எடுத்துவிடுங்கள்.

மூன்றடுக்கு ஏசிக்கு ஸ்லீப்பரைப் போல இரண்டரை மடங்குக்குச் சற்று மேல் ஆகும். எகானமி மூன்றடுக்கில் கொஞ்சம் குறையும். பெட்டியில் பெர்த் எண்ணிக்கை கூடுதல், அதனால் காலுக்கு இடம் சற்றுக் குறைவு. இரண்டடுக்கு ஏசியில் நடு பெர்த் கிடையாது. பகல் முழுக்க நிமிர்ந்து உட்காரலாம், திரைச்சீலையும் உண்டு. முதுகுவலிக்காரர்களுக்கு அந்தக் கூடுதல் பணம் தகும். ஏசி வகுப்புகளில் விரிப்பு, போர்வை, தலையணை கட்டணத்திலேயே அடக்கம், கரீப் ரத் மட்டும் விலக்கு.

எந்த பெர்த் நல்லது? எண்ணை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் எட்டு எட்டாக எண்ணுங்கள். 1, 4 கீழ். 2, 5 நடு. 3, 6 மேல். 7 பக்கவாட்டுக் கீழ். 8 பக்கவாட்டு மேல். அடுத்த எட்டு 9-இல் தொடங்கும். இரண்டடுக்கில் ஆறு ஆறாக: 1, 3 கீழ், 2, 4 மேல், 5 பக்கவாட்டுக் கீழ், 6 பக்கவாட்டு மேல்.

பகலில் ஜன்னலோரம் தனியாக உட்கார ஆசைப்படுகிறவருக்குப் பக்கவாட்டுக் கீழ் போல வராது. ஆனால் உயரமானவர்களுக்கு இரவில் கால் இடிக்கும். பகலிலும் படுத்துக்கொண்டே போக வேண்டும், யாரும் எழுப்பக் கூடாது என்பவர்கள் மேல் பெர்த் கேளுங்கள். நடு பெர்த்தை இரவு 10 முதல் காலை 6 வரைதான் விரித்து வைக்கலாம், மற்ற நேரம் மடக்கிவிட வேண்டும். பெட்டியின் இரண்டு ஓரங்களிலும் உள்ள பெர்த்துகளைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். கழிப்பறைக் கதவுச் சத்தமும் ஆள் நடமாட்டமும் தூங்க விடாது.

அப்பா அம்மாவுக்குக் கீழ் பெர்த் கிடைக்குமா?

60 வயது கடந்த ஆண்களுக்கும் 45 வயது கடந்த பெண்களுக்கும் கீழ் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது. அவர்கள் தனியாகவோ இரண்டு பேராகவோ ஒரு டிக்கெட்டில் போனால்தான் அது செல்லும். மகன், மருமகள், பேரன் என்று எல்லாரையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்தால் அந்த ஒதுக்கீடு போய்விடும். ஆகவே பெரியவர்களுக்குத் தனி டிக்கெட் எடுங்கள். சாதாரண ஒதுக்கீட்டில் எடுக்கும்போதும், ‘கீழ் பெர்த் இருந்தால் மட்டும் பதிவு செய்’ என்ற விருப்பத்தைத் தேர்வு செய்யலாம்.

மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. பல பெரியவர்கள் இன்னும் அது இருப்பதாக நினைத்துப் பணத்தைக் கணக்குப் போடுகிறார்கள்.

குழந்தைகளுக்கு டிக்கெட்?

ஐந்து வயதுக்குக் கீழே, தனி பெர்த் வேண்டாம் என்றால் இலவசம். ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள், பெர்த் வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம், வேண்டும் என்றால் முழுக் கட்டணம். ஏழெட்டு வயதுப் பிள்ளையை மடியோரம் படுக்க வைத்து இரண்டு இரவு சமாளிப்பது கஷ்டம், பெர்த் எடுத்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. முதல் நாளுக்கு வீட்டுச் சாப்பாடுதான். புளியோதரை, மிளகாய்ப் பொடி தடவிய இட்லி, சப்பாத்தி, உலர்ந்த பொரியல் தாங்கும். தேங்காய்ச் சட்னி, தயிர்சாதம் வேண்டாம், கோடையில் காலைக்குள் கெட்டுவிடும். புளியோதரையைச் சூடு ஆறிய பிறகே கட்டுங்கள். வாழை இலையில் வைத்துக் காகிதத்தில் மடித்தால் மறுநாள் மதியம் வரைகூட நன்றாக இருக்கும்.

அப்புறம் நடுவழி. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் பேன்ட்ரி கார் உண்டு. பிரியாணி, சாப்பாடு, டீ எல்லாம் வரும். ருசி நாளுக்கு நாள் மாறும், விலைப்பட்டியலைக் கேட்டு வாங்குங்கள், ரசீது கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இதைவிட நான் விரும்புவது ஐ.ஆர்.சி.டி.சி.யின் ஈ-கேட்டரிங். டிக்கெட்டில் உள்ள பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்தால் வழியில் எந்தெந்த நிலையத்தில் எந்தக் கடை இருக்கிறது என்று காட்டும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போகிறவர்கள் மதியச் சாப்பாட்டை நாக்பூருக்கும் இரவுச் சாப்பாட்டைப் போபாலுக்கும் சொல்லிவைக்கலாம், இருக்கைக்கே கொண்டுவந்து தருவார்கள். நாக்பூர் வருவது பிற்பகலில்தான், ஆகவே பன்னிரண்டு மணிப் பசிக்குக் கையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒருவர் அனுப்பும் வாட்ஸாப் எண்ணில் முன்பணம் கட்டி ஆர்டர் செய்ய வேண்டாம்.

நாக்பூர் பிளாட்பாரத்தில் ஆரஞ்சு பர்பி கிடைக்கும், வாங்குங்கள். ஆக்ரா பேட்டா என்னும் பூசணிக்காய் மிட்டாயைத் திரும்பி வரும்போது வாங்கினால் ஊருக்குக் கொண்டுவரலாம். போகும்போது ஆக்ரா அதிகாலையில் வரும், பலர் தூக்கத்தில் இருப்பார்கள்.

தண்ணீர் நிறைய வையுங்கள். பிளாட்பாரத்தில் வாங்கும் பாட்டிலின் மூடி முத்திரையைப் பாருங்கள், அச்சிட்ட விலைக்கு மேல் தராதீர்கள். முன்பின் தெரியாதவர் தரும் பிஸ்கட், டீயைப் பணிவாக மறுத்துவிடுங்கள்.

ஜன்னலுக்கு வெளியே என்ன பார்க்கலாம்?

எந்த ரயில் என்பதைப் பொறுத்தது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் கிருஷ்ணாவைக் கடப்பது விடியும் முன். விஜயவாடாவில் விழிப்பு வந்தால் பாலத்தின் ஓசை மட்டும் கேட்கும். வாரங்கல் தாண்டிக் காலை வெளிச்சத்தில் கோதாவரி வரும். ராமகுண்டத்துக்கும் மஞ்சிரியாலுக்கும் நடுவே நல்ல அகலமான ஆறு. அதன் பிறகு பல்லார்ஷா வரை தேக்குக் காடு, நிலக்கரிச் சுரங்கம், பருத்தி வயல் என்று மாறி மாறி வரும்.

நாக்பூருக்குப் பிறகுதான் இந்தப் பாதையின் மிக அழகான பகுதி. பேதுல் தாண்டியதும் ரயில் சாத்பூரா மலைக்குள் நுழையும். சுரங்கங்கள், உயர்ந்த பாலங்கள், கீழே சிற்றாறுகள். மழைக்காலம் முடிந்த செப்டம்பர், அக்டோபரில் மலை முழுக்கப் பச்சை. மாலை நேரத்தில் இதைக் கடப்பதால் வெளிச்சம் சாய்ந்து விழும். எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் அது. பிள்ளைகளை ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள். மலையிறங்கினால் இடார்சி, அப்புறம் நர்மதை. தென்னாட்டையும் வடநாட்டையும் பிரிக்கும் கோடாகப் பழங்காலம் முதல் சொல்லப்படும் ஆறு அது. பாலத்தில் போகும்போது பலர் கைகூப்புவார்கள், காசு போடுவார்கள்.

ராஜ்தானியில் போனால் இது தலைகீழ். கிருஷ்ணாவை நண்பகல் வெயிலில் பார்ப்பீர்கள், சாத்பூரா இருட்டில் போய்விடும். அதற்குப் பதில் மறுநாள் காலை குவாலியருக்கும் ஆக்ராவுக்கும் இடையே சம்பல் ஆறும், அதன் கரையில் மண் அரித்து உண்டான பள்ளத்தாக்குகளும் தெரியும். மண்மேடுகளும் ஆழமான பள்ளங்களுமாகத் தமிழ்நாட்டில் எங்கும் காணாத நிலம்.

எந்த மாதத்தில் போகலாம்? தாமதம் ஆகுமா?

அக்டோபர், நவம்பர், பிப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள். டிசம்பர் பிற்பாதியும் ஜனவரியும் மூடுபனிக் காலம். ஜான்சி தாண்டியதும் வேகம் குறையும், பல மணி நேரம் தாமதமாவது சகஜம். டெல்லியிலிருந்து வரும் ரயில் தாமதமானால், அதே பெட்டிகள் திரும்பிக் கிளம்புவதும் தாமதமாகும். அந்த மாதங்களில் டெல்லியில் இறங்கிய அன்றே நேர்காணல், விமானம், கல்யாண முகூர்த்தம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள்.

ரயில் நீங்கள் ஏறும் நிலையத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வருகிறது, நீங்கள் போக விரும்பவில்லை என்றால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் ரயில் உண்மையில் கிளம்பும் முன் டி.டி.ஆர்., அதாவது பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பம், பதிவு செய்ய வேண்டும். ரயில் எங்கே வருகிறது என்று பார்க்க ரயில்வேயின் என்.டி.இ.எஸ். செயலியை நம்புங்கள். நீங்களாகவே ரத்து செய்தால், கிளம்பும் நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும். போகவில்லை என்று முடிவானால் அன்றே ரத்து செய்துவிடுங்கள்.

மதுரை, நெல்லைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் என்ன செய்யலாம்?

கன்னியாகுமரியிலிருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸும், மதுரையிலிருந்து சம்பர்க் கிராந்தியும் வாரம் இரண்டு நாள் நிஜாமுதீனுக்குப் போகின்றன. சென்னையில் இறங்கி ஏற வேண்டியதில்லை. தேதி ஒத்துவந்தால் இவைதான் முதல் தேர்வு.

ஒத்துவரவில்லை என்றால் சென்னை வந்து மாற வேண்டும். பகலில் சென்னை எழும்பூர் சேரும் வைகை எக்ஸ்பிரஸில் வந்தால் இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸுக்கு நேரம் தாராளம். எழும்பூரிலிருந்து சென்ட்ரலுக்கு மெட்ரோவில் ஒரே நிறுத்தம். தென் மாவட்ட இரவு ரயில்கள் விடியற்காலையில்தான் வரும், அவற்றை நம்பி அன்றே காலை ஆறு மணி ராஜ்தானிக்கு டிக்கெட் போடாதீர்கள். இரண்டு பி.என்.ஆர்.களையும் இணைத்துவிட்டால், முதல் ரயில் தாமதத்தால் இரண்டாவதைத் தவறவிடும்போது பணம் திரும்பப் பெற வழி இருக்கிறது. இரண்டு டிக்கெட்டிலும் பெயர், வயது ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

எவ்வளவு சாமான் கொண்டுபோகலாம்?

ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஆளுக்கு 40 கிலோ, இரண்டடுக்கில் 50, முதல் வகுப்பு ஏசியில் 70 கிலோ இலவசம். எடையை விட உயரம்தான் முக்கியம், பெர்த்துக்கு அடியில் நுழையாத பெட்டி நடைபாதையை அடைக்கும். பூட்டும் சங்கிலியும் எடுத்துக்கொள்ளுங்கள். பணம், நகை, அசல் அடையாள அட்டையைத் தலைமாட்டில் வைக்காமல் உடலோடு வையுங்கள்.

பெண்கள் தனியாகப் போகலாமா? இந்தி தெரியாவிட்டால்?

நிறையப் பேர் போகிறார்கள். முடிந்தால் மேல் பெர்த் எடுங்கள், இரவில் நிம்மதி. தனியாகப் பயணம் செய்யும் பெண்களை ரயில்வே பாதுகாப்புப் படையின் பெண் காவலர்கள் சந்தித்துப் பேசும் ‘மேரி சஹேலி’ என்ற ஏற்பாடு இருக்கிறது. எந்தத் தொல்லை என்றாலும் 139-ஐ அழைக்கலாம், அல்லது ரயில் மதத் செயலியில் பெட்டி எண்ணோடு புகார் போடலாம். பெட்டி அழுக்காக இருந்தாலும் இதே வழிதான்.

மொழிக்குப் பயப்பட வேண்டாம். ரயிலில் பாதிப் பேர் தமிழ் பேசுகிறவர்களாகவே இருப்பார்கள். டெல்லியில் ஆட்டோ பேரம் பேசும் அளவுக்கு எண்களை மட்டும் இந்தியில் கற்றுக்கொண்டு போனால் போதும்.

வழியில் ஆக்ராவில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகலாமா?

போகலாம். ஆக்ரா கன்டோன்மென்ட் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து டெல்லிக்குத் தனி டிக்கெட் எடுப்பதே குழப்பமில்லாத வழி. ஆக்ராவிலிருந்து டெல்லி 200 கிலோமீட்டருக்குள்தான், நாள் முழுக்க ரயில்கள் உண்டு. வெள்ளிக்கிழமை தாஜ்மகால் மூடியிருக்கும், அதைப் பார்த்துத் தேதி போடுங்கள்.

டெல்லியில் எங்கே இறங்குகிறோம்? இறங்கியதும் எப்படிப் போவது?

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புதுடெல்லி நிலையத்துக்குப் போகும். அதற்கு இரண்டு வாசல். ஒன்றாம் பிளாட்பாரப் பக்கம் பகார்கஞ்ச், பதினாறாம் பிளாட்பாரப் பக்கம் அஜ்மேரி கேட். மெட்ரோவின் மஞ்சள் பாதைக்கும் விமான நிலைய எக்ஸ்பிரஸுக்கும் போக வேண்டியவர்கள் அஜ்மேரி கேட் பக்கம் வாருங்கள். ராஜ்தானி, துரந்தோ, திருக்குறள் நிற்கும் ஹஸ்ரத் நிஜாமுதீன் தென்பகுதியில் இருக்கிறது. சராய் காலே கான் பேருந்து நிலையமும் பிங்க் மெட்ரோ பாதையும் அதன் அருகிலேயே. மயூர் விஹார், நொய்டா பக்கம் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு நிஜாமுதீன் வசதி. கரோல் பாக் போகிறவர்களுக்குப் புதுடெல்லி வசதி.

புதுடெல்லி வாசலில் ஒரு எச்சரிக்கை. ‘உங்கள் டிக்கெட் ரத்தாகிவிட்டது, எதிரே உள்ள ஆபீசில் மாற்றித் தருகிறேன்’ என்று சொல்லி அழைத்துப் போகிறவர்கள் உண்டு. திரும்பி வரும்போதும் இதே வாசல்தான். யார் சொன்னாலும் பி.என்.ஆர். நிலையை உங்கள் போனில் நீங்களே பாருங்கள், பார்த்துவிட்டு நேராக உள்ளே நடந்துவிடுங்கள்.

திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுக்கலாமா?

திரும்பும் தேதிக்கு 60 நாள் முன்புதான் அதற்கான பதிவு திறக்கும். பத்து நாள் கழித்துத் திரும்புகிறீர்கள் என்றால், போக டிக்கெட் எடுத்த பத்தாம் நாள் காலை 8 மணிக்கு மறுபடி உட்கார வேண்டும். கோடையில் பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பள்ளி திறக்கும் வாரத்தில் டெல்லியிலிருந்து சென்னைக்கு இடம் கிடைப்பது சிரமம். பள்ளி திறப்பதற்கு நாலைந்து நாள் முன்பே வந்து சேரும்படி தேதி போட்டுவிடுங்கள்.